சந்தையில் வாங்கிய 'மூலிகைக் களிம்பு': யாரிடம் புகார் கொடுப்பது?

நத்தம்_சரவணன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. இடுப்பில் சேலை கட்டும் இடத்தில் வட்டமாக ஒரு படை வந்தது. வாரச்சந்தையில் தரையில் தார்ப்பாய் விரித்து தைலம், பல்பொடி விற்கிற ஒருவரிடம் களிம்பு நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக் கொடுத்தார். டப்பா 120 ரூபாய். பச்சை நிறம், கற்பூர வாசனை.

பூசிய மறுநாளே அரிப்பு நின்றுவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். டப்பா தீர்ந்ததும் படை திரும்ப வந்தது. முதலில் உள்ளங்கை அளவு இருந்தது, இந்த முறை தொடை வரை இறங்கியது. மறுபடி ஒரு டப்பா, மறுபடி அடங்கியது. மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. இப்போது அந்த இடத்தில் தோல் மெலிந்து உள்ளே ரத்தக் குழாய் தெரிகிறது, வயிற்றோரத்தில் கோடு கோடாகச் சிவந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் காட்டினோம். தோல் டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள், இனி தொடாதீர்கள்" என்று சொல்லி வேறு மருந்து எழுதினார்.

டப்பாவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். முன்பக்கம்: "100% மூலிகை. பக்க விளைவு இல்லை. படை, கரப்பான், சொரியாசிஸ், வெண்புள்ளிக்கு நிரந்தரத் தீர்வு. அரசு அங்கீகாரம் பெற்றது." பின்பக்கம் ஒரு உத்யம் பதிவு எண், ஒரு உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஒரு கைபேசி எண். வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள் என்று மூன்று பெயர்கள். தேதி எதுவும் இல்லை. முகவரி என்று ஓர் ஊர்ப்பெயர் மட்டும்.

என் கேள்வி இதுதான். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு போன் செய்தால் "சித்தா என்றால் நாங்கள் இல்லை" என்கிறார்கள். சித்த மருத்துவப் பிரிவில் கேட்டால் "ஸ்டீராய்டு என்றால் அது அலோபதி" என்கிறார்கள். இதற்கு யார்தான் பொறுப்பு? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? இன்னொன்று, அதே ஆள் சிவப்பழகு க்ரீமும் விற்கிறார். தங்கை மகள் அதைப் பூசிக்கொண்டிருக்கிறாள்.

---

மேற்குத்தெரு

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது? இந்தச் சந்தை இல்லையென்றால் அடுத்த சந்தை. அம்மா உடம்பைப் பாருங்கள், அவ்வளவுதான்.

---

படிவம்17

சரவணன், நான் மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே ஒருவர் சொன்னதை எங்கள் ஆபீசிலேயே நிறையப் பேர் சொல்வார்கள். ஆனால் நடவடிக்கை எடுத்து முடித்த வழக்குகளும் உண்டு. புகார் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்துத்தான் பாதி வேலை நடக்கும்.

முதலில் அந்தப் பின்பக்கத்தைப் பார்ப்போம். உத்யம் என்பது சிறுதொழில் பதிவு. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே என்ன கலக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. உணவுப் பாதுகாப்பு எண் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் கொடுப்பது. படைக்குப் பூசுகிற களிம்பில் அது எதற்கு? இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டு "அரசு அங்கீகாரம்" என்று எழுதுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. சித்த மருந்து என்றால் டப்பாவில் இருக்க வேண்டியது வேறு: தயாரிப்பு உரிம எண் (படிவம் 25-டி-யில் வழங்கப்படுவது), தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி, "சித்த மருந்து" என்ற சொல், சேர்க்கப்பட்ட எல்லாப் பொருள்களின் பட்டியலும் அளவும். பூசும் மருந்தென்றால் "வெளி உபயோகத்திற்கு மட்டும்" என்பதும் வேண்டும். உங்கள் டப்பாவில் இவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. சோதனைக்கூடம் போகும் முன்பே, லேபிளை வைத்தே வழக்குக்கு இடம் இருக்கிறது.

இப்போது "யார் பொறுப்பு" என்பது. 1940-ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் ஆங்கில மருந்துக்கு ஒரு அத்தியாயம், ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்கு 4-ஏ என்று தனி அத்தியாயம். ஆய்வாளர்களும் தனித்தனி. உங்களை இரண்டு பக்கமும் தட்டிவிடுவது அதனால்தான். 'சித்தா' என்று சொல்லி விற்கிற பொருளில் ஸ்டீராய்டு இருந்தால் அது இரண்டு கதவுக்கும் நடுவில் விழுகிறது. விற்கிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

சட்டப்படி பார்த்தால் அது இரண்டு பக்கமும் மாட்டும். முகவரியில் உள்ள நிறுவனமே இல்லையென்றால் 33-இஇஏ பிரிவின்படி போலி மருந்து. உடம்புக்குக் கெடுதல் செய்யும் பொருள் இருந்தால் 33-இஇ-யின்படி கலப்படம். போலிக்கு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை. உள்ளே குளோபெட்டசால் (வீரியமான ஒரு ஸ்டீராய்டு) இருப்பது சோதனையில் தெரிந்தால் இன்னொரு கோணம் திறக்கும். உரிமம் இல்லாமல் ஆங்கில மருந்து தயாரித்து விற்றதாக 18(சி) பிரிவில் போகலாம். அதற்கு 27(பி)(2)-இன்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. 'மூலிகை' என்று சொன்னால் தண்டனை குறையும் என்று யாராவது நினைத்திருந்தால் கணக்கு தப்பு.

விளம்பரத்துக்குத் தனிச் சட்டம்: 1954-இல் வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். அதன் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன, வெண்புள்ளி அதில் ஒன்று. அதைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்ற பேச்சே வராது. படையும் கரப்பானும் அட்டவணையில் இல்லை. ஆனால் 4-ஆம் பிரிவு எந்த மருந்தைப் பற்றியும் பொய்யான தோற்றம் தரும் விளம்பரத்தைத் தடுக்கிறது. லேபிளும் விளம்பரம்தான், சட்டத்தின் பொருள்விளக்கத்திலேயே அது வருகிறது. தண்டனை என்னவோ சின்னதுதான்: முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை. இந்தத் தண்டனையைக் கூட்டவும், 'சிவப்பழகு' போன்றவற்றையும் சேர்த்து அட்டவணையை 78 ஆக்கவும் 2020-இல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. சட்டமாகவில்லை. இருந்தாலும் இந்தச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. குற்றங்கள் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உள்ளே ஸ்டீராய்டு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். பெரிய ஆலை எதுவும் வேண்டாம். நான் போன ஒரு வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர், ஒரு டிரம் பெட்ரோலியம் ஜெல்லி, பச்சைச் சாயம், கற்பூரம், பின்கட்டில் சாக்கு நிறையப் பிழிந்து போட்ட குளோபெட்டசால் ட்யூப்கள். மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் ட்யூபைப் பிழிந்து கலக்கி, டப்பாவில் அடைத்து, பல மடங்கு விலை. அந்த வீட்டம்மா எங்களுக்குக் காபி கொடுத்தார், "நாங்களும் இதைத்தான் சார் பூசுகிறோம்" என்றார். பொய் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணைக்குக் கொண்டுவந்தது. தோல் டாக்டர்கள் சங்கம் வருடக்கணக்கில் கத்தியதன் பலன். நடைமுறையில் ட்யூப் இன்னும் கைக்குக் கைமாறுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

புகார் எழுதும் முறையைப் பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

---

வெட்பாலை

நான் சித்த மருத்துவம் படித்து மருத்துவம் பார்ப்பவள். இப்படிப்பட்ட டப்பாக்களால் அடி விழுவது எங்களுக்குத்தான். "சித்த மருந்து சாப்பிட்டேன், பூசினேன், இப்படி ஆகிவிட்டது" என்று வருகிறவர்களில் பலர் எந்தச் சித்த மருத்துவரையும் பார்த்ததே இல்லை. சந்தை, பேருந்து நிலையம், யூடியூப், இவைதான் அவர்கள் பார்த்த சித்தா.

அண்ணா, ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, நாங்கள் தருகிற வெட்பாலைத் தைலம் எப்படிச் செய்வது தெரியுமா? வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்போம். நாளாக ஆக எண்ணெய் கருநீலமாக மாறும். பூசினால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு உள்மருந்தும் பத்தியமும் சேர்ந்தால்தான் தெரியும். புங்கன் தைலம், அருகன் தைலம் எல்லாமும் அந்த வேகம்தான். ஒரே இரவில் அரிப்பை நிறுத்துகிற மூலிகைக் களிம்பு எதுவும் எங்கள் நூல்களில் இல்லை. அந்த வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற இடத்தில்தான் சந்தேகமும் வர வேண்டும்.

சிவப்பழகு க்ரீமை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதில் எனக்கு ஸ்டீராய்டைவிடப் பாதரசம்தான் பயம். "சித்தர்களே ரசம், அதாவது பாதரசம், சேர்க்கவில்லையா" என்று விற்கிறவர்கள் வாதம் செய்வார்கள். சுத்தி செய்த ரசத்தை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பதும், யாரோ வீட்டில் கலக்கியதைப் பெண்பிள்ளை மாதக்கணக்கில் முகத்தில் தேய்ப்பதும் ஒன்றா? 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி முகக் க்ரீமில் பாதரசம் வேண்டுமென்றே சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

கேரளத்தில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த ஒரே மாதிரியான 22 நோயாளிகளைப் பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய். 15 பேரிடம் அரிதான ஒரு வகை இருந்தது, அவர்களில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று தொடங்கிக் கடை கடையாக மாதிரி எடுத்தது. பிந்தைய சுற்றில் அனுமதித்த அளவைப்போல 12,000 மடங்கு பாதரசம் இருந்த பொருள்கள்கூட அகப்பட்டன.

மருமகளுக்குக் கால் வீக்கமோ, சிறுநீர் நுரைப்பதோ இருந்தால் தாமதிக்காமல் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

---

தோல்_மதுரை

நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். அம்மா விஷயத்தில் இரண்டு மட்டும்.

வட்டமாக வரும் படை, அதாவது படர்தாமரை, பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. உடம்பு அதை எதிர்த்துக் காட்டுகிற சிவப்பையும் அரிப்பையும் மட்டும் அடக்கும், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போல. எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவும். களிம்பை நிறுத்திய பிறகு சில வாரம் அரிப்பும் சிவப்பும் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். அந்த நேரத்தில்தான் எல்லோரும் பழைய டப்பாவைத் தேடுவார்கள். தேடவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் எழுதிய மாத்திரையைப் படை மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். இப்போது சுற்றுகிற பூஞ்சை பழைய பூஞ்சை இல்லை, வழக்கமான மருந்துக்கு மசிவதில்லை.

மாதக்கணக்கில் பெரிய இடத்தில் பூசியிருந்தால் ஸ்டீராய்டு ரத்தத்திலும் ஏறியிருக்கலாம். சர்க்கரை அளவு காரணமில்லாமல் கூடியிருந்ததா என்று பாருங்கள். முகம் உப்பல், அளவுக்கு மீறிய சோர்வு, தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், காலையில் கார்டிசால் (உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு) பரிசோதனை எழுதுவார். வயிற்றோரக் கோடுகள் நிறம் மங்கும், முழுதாகப் போகாது.

உங்களைப் பார்த்த டாக்டரிடம் 'மருந்துப் பாதகவிளைவுப் படிவம்' நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். அல்லது 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே பதியலாம். டாக்டர் கைப்பட "ஸ்டீராய்டு பாதிப்பு என்று சந்தேகம்" என்று எழுதிய சீட்டு இருந்தால் புகாருக்கு வலு கூடும்.

---

ஈசூன்வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது இந்த மாதிரி டப்பாக்கள் இங்கேயும் பெட்டியில் வருகின்றன. இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் இப்படி ஒன்று கண்டுபிடித்தால் பொருளின் பெயர், படம், உள்ளே இருந்த மருந்து எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட்டுவிடும். இணையக் கடைகளிலிருந்து தூக்கவும் சொல்லும். விற்றவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். நம் ஊரில் டப்பா படத்தோடு தமிழில் ஒரு அறிவிப்பு வந்து நான் பார்த்ததில்லை. சந்தையில் வாங்குகிறவர்கள் எந்த வலைத்தளத்தைப் போய்ப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

---

படிவம்17

விட்ட இடத்திலிருந்து.

ஒரே கடிதமாக எழுதுங்கள். 'பெறுநர்' என்ற இடத்தில் இரண்டு பேரையும் போடுங்கள்: உங்கள் சரக மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர், மாவட்ட சித்த மருத்துவ அலுவலர். நகல், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கும், அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவ உரிமம் வழங்கும் அதிகாரிக்கும். இருவர் பெயரும் ஒரே தாளில் இருந்தால் "இது எங்கள் வேலை இல்லை" என்று ஒருவர் எழுதும்போது, யார் வேலை என்பதையும் அவர் எழுதியாக வேண்டும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். போனில் சொன்ன புகாருக்குக் கோப்பு கிடையாது.

'ஏமாற்றுகிறார்கள், நடவடிக்கை எடுங்கள்' என்று இரண்டு பக்கம் எழுதாதீர்கள். எந்தச் சந்தை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கடை விரிக்கிறார், எந்தப் பக்கம் உட்காருகிறார், சரக்கு எந்த வண்டியில் வருகிறது, இதுதான் ஆய்வாளருக்கு வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கும் திறந்த டப்பாவை நீதிமன்றத்தில் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "நடுவில் நீங்களே ஏதும் கலக்கவில்லை என்று எப்படி நம்புவது?" ஆகவே ஆய்வாளர் தன் கையால் விற்பவரிடம் விலை கொடுத்து வாங்கி, படிவம் 17 (மாதிரி எடுத்ததற்கான அறிவிப்பு) கொடுத்து, பங்கு பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு விற்றவருக்கு, ஒன்று அரசு பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. தயாரித்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் ஒன்று. பகுப்பாய்வாளர் டிஎல்சி தட்டில் (கலவையில் உள்ள பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) ஒரு சொட்டு வைத்து, பக்கத்தில் சுத்தமான குளோபெட்டசாலை வைத்து ஓட்டுவார். இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் நின்றால் அடுத்தது எச்பிஎல்சி என்ற இன்னும் துல்லியமான கருவிச் சோதனை. அறிக்கை கைக்கு வந்தபின் 28 நாளுக்குள் எதிர்த்தரப்பு மறுக்கலாம், மாதிரி மத்திய ஆய்வகம் வரை போகும். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அதனால் தயவுசெய்து சந்தையில் போய் அவரிடம் சண்டை போடாதீர்கள். நீங்கள் சத்தம் போட்டால் அடுத்த வாரம் அவர் அங்கே இருக்க மாட்டார், ஆய்வாளர் வெறும் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

விளம்பரம் பற்றித் தனியாக ஒரு வரி. பொய் மருந்து விளம்பரங்களுக்கு மாநிலங்கள் புகார் பெறும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஆயுஷ் அமைச்சகம் 'ஆயுஷ் சுரக்ஷா' என்று ஒரு தளமும் தொடங்கியது. டப்பாவின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதில் ஏற்றுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம், ஒரு புகார் எண் கிடைக்கும்.

---

நத்தம்_சரவணன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருமகளிடம் க்ரீமைப் பிடுங்கிவிட்டோம், நாளைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. அம்மாவின் சர்க்கரைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன், களிம்பு பூசிய மாதங்களில் ஏறித்தான் இருக்கிறது. அப்போது மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

ஐயா, ஒரு சந்தேகம். திறக்காத டப்பா ஒன்றை நானே வாங்கிச் சோதனைக்குக் கொடுக்க முடியாதா? பில் கேட்டால் கொடுக்க மாட்டார்.

---

படிவம்17

முடியும். 26-ஆம் பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. வாங்கிய எவரும் கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை கேட்கலாம், விண்ணப்பம் படிவம் 14-ஏ. "ஸ்டீராய்டு கலந்த ஆங்கில மருந்து என்று சந்தேகிக்கிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் சித்தா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அறிக்கையை மட்டும் வைத்து ஆளை உள்ளே தள்ள முடியாது. ஆய்வாளரைச் சந்தைக்கு வரவைக்க அது போதும்.

பில் இல்லாவிட்டால் ஜிபேயில் பணம் போடுங்கள். வங்கியில் உள்ள பெயர் திரையில் வரும், அதைப் படம் எடுத்து வையுங்கள்.

---

நத்தம்_சரவணன்

பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே ஜிபேதான் போட்டிருக்கிறார். இப்போது பார்த்தேன். டப்பாவில் இருக்கும் நிறுவனப் பெயர் இல்லை, வேறு ஒரு ஆள் பெயர், மருந்துக் கடை என்று போட்டிருக்கிறது.

---

படிவம்17

அதைக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள். இங்கே மட்டும் போடாதீர்கள்.